ஒரே வாணலியில் ராத்திரிச் சாப்பாடு: கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் ஒரு செய்முறைப் பாடம்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



இந்த மலரில் கணினியைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கும். நட்பைப் பற்றி நாலு கவிதை நிச்சயம் இருக்கும். "வெற்றியின் படிக்கட்டுகள்" என்று யாராவது ஒருவர் எழுதியே இருப்பார். நான் எழுத வந்திருப்பது வாணலியைப் பற்றி. சிரிக்காதீர்கள்! பக்கத்தைத் திருப்பாமல் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மூன்று வருட டிப்ளமோவில் லேத் ஓட்டுகிறோம், வெல்டிங் வைக்கிறோம், ஃபைலைப் பிடித்துத் தேய்த்துத் தேய்த்துச் சதுரம் எடுக்கிறோம். ஆனால் ராத்திரி எட்டு மணிக்குப் பசித்தால் வாடகை அறைகளில் இருக்கும் நம்மில் பலருக்குத் தெரிந்த ஒரே வழி பஸ் ஸ்டாண்டு பரோட்டா கடைதான். கையில் காசு குறையும் மாதக் கடைசியில் டீயும் பன்னும். எங்கள் அறையில் நான்கு பேர். அதில் ஒருவன் இருபத்தைந்தாம் தேதிக்கு மேல், "எனக்குப் பசிக்கல மாப்ள, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். பசிக்காமல் ஒன்றும் இல்லை. பரோட்டா கடைக்குத் தர அவனிடம் காசு இல்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒரு வாரத்தில்தான் எங்கள் அறைக்கு ஒரு வாணலி வந்தது. அதிலிருந்து நான் கற்றதை ஒரு பாடமாக இங்கே தருகிறேன்.

பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே வாணலிச் சமையல் என்பது எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறுவது அல்ல. எதை முதலில் போடுவது, எதை அடுத்துப் போடுவது என்ற வரிசைதான் அதன் உயிர். பட்டறையில் ஒரு வேலைத்துண்டுக்கு வேலை வரிசை எழுதுகிறோமே, அதே கதைதான். துளை போட்ட பிறகுதான் மரை வெட்ட முடியும். மாற்றிச் செய்தால் துண்டு குப்பைக்குப் போகும்.

ஏன் இந்தச் சாப்பாடு?

கொத்துக்கறியைக் கைமா என்றும் சொல்கிறோம். துருக்கி மொழியில் நறுக்கிய இறைச்சிக்குச் சொல்லும் 'கிய்மா' என்ற சொல்தான் உருதுவில் 'கீமா' ஆகி நம்மிடமும் வந்து சேர்ந்தது. கொத்துக்கறியோடு உருளைக்கிழங்கைச் சேர்ப்பது உலகம் முழுவதும் உழைப்பவர்களின் வழக்கம். வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ஆலு கீமா, பிலிப்பைன்ஸில் கினிலிங், ஸ்காட்லாந்தில் 'மின்ஸ் அண்ட் டாட்டீஸ்'. காரணம் எளிமையானது. கொத்தின கறி சீக்கிரம் வேகும், கொஞ்சக் கறி நாலு பேருக்குக் காணும், உருளைக்கிழங்கு வயிற்றை நிரப்பும்.

பாலாற்றங்கரை ஊர்களான வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் மாட்டுக்கறி கடைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. "பெரிய கறி" என்று கேட்டாலே தெரியும். ஆட்டுக்கறி விலையில் பாதிக்கும் கீழேதான் இதன் விலை. (விலையை எழுதவில்லை. மலர் அச்சாகி வருவதற்குள் மாறிவிடும்!)

சத்துக் கணக்கும் பார்ப்போம். அதிகக் கொழுப்பில்லாத 100 கிராம் பச்சை மாட்டுக்கறியில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. நாம் செய்யப்போகும் அளவில் அரைக் கிலோ கறியும் முக்கால் கிலோ உருளைக்கிழங்கும் இருக்கின்றன. கறியிலிருந்து 100 கிராம், கிழங்கிலிருந்து சுமார் 15 கிராம். நாலு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 28 கிராமுக்குக் குறையாது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறத்தாழ 50 கிராம். அதில் பாதிக்கு மேல் ஒரே வேளையில் வந்துவிடுகிறது. டீயிலும் பன்னிலும் இது வராது.

இரும்புச் சத்தும் அப்படித்தான். 2019–21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். இறைச்சியில் உள்ள இரும்பு, கீரை தானியங்களில் உள்ள இரும்பைவிட எளிதாக உடம்பில் ஏறும். ஆகவே மாணவிகளே, இந்தப் பாடம் உங்களுக்கும்தான்!

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலாம் ஆண்டில் என் வகுப்பு நண்பன் ஒருவன் டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி திறந்தபடியே சாப்பிடுவான். வீட்டில் கொடுத்துவிடும் கறி என்ன கறி என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். அம்மா விடியற்காலையில் எழுந்து செய்து கொடுத்த சாப்பாட்டை மறைத்து மறைத்துச் சாப்பிடுவது எவ்வளவு பெரிய கொடுமை! தான் சாப்பிடுவதற்காக ஒருவன் கூசத் தேவையில்லை. அடுத்தவன் சாப்பிடாததற்காக அவனைக் கேலி செய்யவும் தேவையில்லை. இந்த இரண்டாவது பாதியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தேவையான பொருட்கள் (நான்கு பேருக்கு)

மாட்டுக் கொத்துக்கறி – 500 கிராம்
உருளைக்கிழங்கு – 750 கிராம்
பெரிய வெங்காயம் – 3
தக்காளி – 2
பச்சை மிளகாய் – 2
இஞ்சி பூண்டு விழுது – 1 மேசைக்கரண்டி
மிளகாய்த்தூள் – ஒன்றரை டீஸ்பூன்
மல்லித்தூள் – 2 டீஸ்பூன்
மஞ்சள்தூள் – அரை டீஸ்பூன்
சோம்பு – 1 டீஸ்பூன், பட்டை சிறு துண்டு, கிராம்பு 3
மிளகுத்தூள் – 1 டீஸ்பூன்
எண்ணெய் – 3 மேசைக்கரண்டி
உப்பு, கறிவேப்பிலை, கொத்தமல்லித்தழை, எலுமிச்சம்பழம் பாதி

தளவாடம்: அகலமான இரும்பு வாணலி ஒன்று, அதற்கு மூடி, தட்டையான கரண்டி, கத்தி. மூடி இல்லையென்றால் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துக்கொள்ளலாம். நாங்கள் இன்றுவரை அப்படித்தான்.

கறி வாங்கும்போது

கடைக்காரரிடம் வாய் திறந்து கேட்க வேண்டும். "பாய், அரைக் கிலோ. கொஞ்சம் கொழுப்பு இருக்கட்டும். துண்டாவே கழுவிட்டு, அப்புறம் கொத்திக் குடுங்க." இதில் இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, கொழுப்பு. துளிக் கொழுப்பும் இல்லாத கறி வாணலியில் மணல் மாதிரி உதிர்ந்து காய்ந்துபோகும். எருமைக்கறியில் பொதுவாகக் கொழுப்பு குறைவு. அதை வாங்கினால் ஒரு கரண்டி எண்ணெய் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, கழுவுவது. கொத்திய பிறகு கழுவினால் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துவிடும். அந்தத் தண்ணீர் பிறகு என்ன பாடு படுத்தும் என்று கீழே பாருங்கள். முன்பே கொத்தி வைத்திருந்த கறியைக் கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் வடிகட்டியில் போட்டு, ஒரு முறை அலசி, நன்றாகப் பிழிந்துவிடுங்கள்.

வாங்கிய கறியைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றக் கூடாது. முழுத் துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது அந்த மேற்பரப்பே உள்ளே கலந்துவிடுகிறது. 1993ல் அமெரிக்காவில் ஓர் உணவகத் தொடரில் சரியாக வேகாத கொத்துக்கறி வடையைத் தின்று எழுநூறு பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். ஈ.கோலை ஓ157 என்ற கிருமிதான் காரணம். அதனால்தான் கொத்துக்கறியின் உட்புறம் 71 டிகிரி செல்சியஸையாவது தொட வேண்டும் என்கிறார்கள். நம் முறையில் கறி கால் மணி நேரத்துக்கு மேல் கொதிநிலையிலேயே இருக்கும். பயமில்லை. ஆனால் பச்சைக் கறி பட்ட கையையும் கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் வெங்காயத்தைத் தொட வேண்டும். இதைவிடச் சுலபமான வழி, காய்கறியை எல்லாம் முதலில் நறுக்கிவிட்டுக் கடைசியில் கறிப் பொட்டலத்தைப் பிரிப்பது.

வாணலி: ஒரு சிறு உலோகவியல்

அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 237 வாட். இரும்புக்குச் சுமார் 80. துருப்பிடிக்காத எஃகுக்கு வெறும் 15 சொச்சம். அப்படியானால் அலுமினியம்தானே நல்லது என்று கேட்பீர்கள். ஆனால் ஒரே கன அளவு எடுத்தால் இரும்பு அலுமினியத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வெப்பத்தைத் தன்னுள் சேர்த்து வைக்கும். குளிர்ந்த கறி விழுந்தவுடன் மெல்லிய அலுமினியச் சட்டி சட்டென்று ஆறிப்போகும். கனத்த இரும்பு வாணலி தாக்குப்பிடிக்கும். நமக்கு வேண்டியது அந்தத் தாக்குப்பிடிப்புதான். எங்கள் வாணலி பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கியது. மணல் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசி, அடுப்பில் காயவைத்துத் திரும்பத் திரும்பப் பழக்கினோம். எண்ணெய் சூட்டில் இறுகி ஒரு மெல்லிய கறுப்புப் படலமாகப் படிகிறது. அதுதான் ஒட்டாமல் காக்கும் கவசம்.

இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் இரும்பு வேலை செய்யும், சாதாரண அலுமினியம் செய்யாது. ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும்.

செய்முறை

கட்டம் 1: கறியைச் சிவக்க வைத்தல்

வெறும் வாணலியை நன்றாகச் சூடாக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். 'சுர்ர்' என்று பரவி ஆவியானால் சூடு போதாது. முத்து மாதிரி உருண்டு ஓடினால் சரி. 1756ல் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானியர் விளக்கி எழுதிய விளைவு இது. சொட்டுக்கு அடியில் உண்டாகும் நீராவிப் படலம் அதைத் தாங்கி நிற்கிறது. தண்ணீர் முழுவதும் போன பிறகு எண்ணெய் ஊற்றுங்கள். அது புகைய ஆரம்பிப்பதற்கு முன்னால் அடுப்பைக் கொஞ்சம் தணித்து, பாதிக் கறியைப் பரப்பிப் போட்டு மூன்று நிமிடம் கரண்டியைத் தொடாதீர்கள்! கிளறத்தான் கை வரும். அடக்குங்கள்.

ஏன்? கறி சிவப்பதற்கும் மணப்பதற்கும் காரணம் மேயார் வினை. 1912ல் லூயி கமில் மேயார் என்ற பிரெஞ்சு வேதியியலார் விளக்கியது. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருட்களையும் உண்டாக்குகின்றன. இது வேகமாக நடக்க ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். தண்ணீரோ 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே வாணலியில் தண்ணீர் தேங்கி நிற்கும் வரை கறி அவியுமே தவிரச் சிவக்காது. சாம்பல் நிறத்தில், வெந்த சோகையாக நிற்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கறியிலிருந்து 100 கிராம் தண்ணீர் விட்டுக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற 29 கிலோஜூல் போதும். ஆனால் ஆவியாக்க 226 கிலோஜூல் வேண்டும். உள்ளுறை வெப்பம் என்று முதலாம் ஆண்டில் படித்தோமே, அதேதான்! அடுப்பிலிருந்து வாணலிக்குள் நொடிக்கு 1 கிலோஜூல் போய்ச் சேர்ந்தால்கூட நாலேகால் நிமிடம் வெறும் தண்ணீரை விரட்டுவதற்கே சரியாகிவிடும். கறியைப் பிழி, பாதிப் பாதியாகப் போடு, கிளறாதே, உப்பை இப்போது போடாதே என்று நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு கணக்குக்காகத்தான். உப்பு கறியிலிருந்து தண்ணீரை இழுத்து வெளியே விடும்.

அடிப்பக்கம் நல்ல பழுப்பானதும் புரட்டி, கட்டிகளை உடைத்து, ஓரத்துக்குத் தள்ளுங்கள். மீதிப் பாதியை நடுவில் பரப்புங்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம். சூட்டில் கறியின் மேற்பரப்பை வறுத்தால் உள்ளே சாறு பூட்டிக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லீபிக் என்ற பெரிய வேதியியலாரே அப்படி நம்பினார். உண்மை அதுவல்ல, சாறு ஒன்றும் பூட்டிக்கொள்வதில்லை. நாம் வறுப்பது மணத்துக்காக மட்டுமே.

கட்டம் 2: வெங்காயமும் மசாலாவும்

கறியை ஓரமாக ஒதுக்கி, கறி விட்ட கொழுப்பிலேயே சோம்பு, பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை தாளியுங்கள். வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு, இப்போது உப்புச் சேருங்கள். வாணலியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைப் பார்த்து, "அய்யோ அடிபிடிச்சிடுச்சு" என்று பதறாதீர்கள். சுவையே அதில்தான் இருக்கிறது. வெங்காயம் விடும் தண்ணீரில் அது இளகும். தட்டைக் கரண்டியால் சுரண்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழுப்பாக இல்லாமல் கறுப்பாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வெங்காயம் பொன்னிறமானதும் இஞ்சி பூண்டு விழுது. பச்சை வாடை போனதும் தீயைக் குறைத்து, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள். அரை நிமிடம் போதும். தூள் கருகினால் கசக்கும். உடனே இரண்டு டம்ளர் தண்ணீர்.

கட்டம் 3: மூடிப் பதினைந்து நிமிடம்

நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் வயதான மாட்டின் கறி. தசைகளைக் கட்டியிருக்கும் கொலாஜன் என்ற இணைப்புத் திசு அதில் கெட்டியாக இருக்கும். 70 டிகிரிக்கு மேல் ஈரச் சூட்டில் நேரம் கொடுத்தால் அது கரைந்து ஜெலட்டினாக மாறி, குழம்பை வழவழப்பாக்கும். அவசரப்பட்டுப் பெருந்தீ வைத்தால் தண்ணீர்தான் போகும், கறி மிருதுவாகாது. சிறு தீ, மூடி, கால் மணி நேரம். இந்த நேரத்தில் ஒருவன் உருளைக்கிழங்கு உரிக்கட்டும், ஒருவன் பாத்திரம் கழுவட்டும், ஒருவன் அசைன்மென்ட் எழுதட்டும்!

கட்டம் 4: உருளைக்கிழங்கு

உருளைக்கிழங்கை ஒன்றரை சென்டிமீட்டர் கனசதுரங்களாக நறுக்குங்கள். அளவுகோல் வேண்டாம், ஆனால் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். 3 சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 54 சதுர சென்டிமீட்டர். அதையே ஒன்றரை சென்டிமீட்டரில் எட்டுத் துண்டாக்கினால் மேற்பரப்பு 108. இரண்டு மடங்கு! மேலும், சூடு நடுப்பகுதிக்குப் போய்ச் சேரும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் பாதியானால் நேரம் ஏறக்குறைய கால் பங்கு. கேஸ் மிச்சம் பிடிக்க இதைவிட மலிவான கருவி கிடையாது. ஒரு கத்தி போதும்.

பச்சை நிறம் ஏறிய கிழங்கையும் முளைவிட்ட கண்களையும் ஆழமாகவே சீவி எறியுங்கள். அங்கே சோலனின் என்ற நச்சு சேர்ந்திருக்கும். வெந்தாலும் அது போகாது. கிழங்கை வெளிச்சம் படாத இடத்தில் வைத்தால் பச்சை ஏறாது.

கிழங்கைப் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி மூடுங்கள். தண்ணீர் கிழங்கின் பாதி உயரத்துக்கு இருந்தால் போதும். குறைந்தால் அரை டம்ளர் வெந்நீர். மேல் பாதி ஆவியிலேயே வெந்துவிடும். பன்னிரண்டு நிமிடம் கழித்து ஒரு துண்டைக் கரண்டியால் நசுக்கிப் பாருங்கள். தடையில்லாமல் உடைய வேண்டும்.

கட்டம் 5: தக்காளி

தக்காளியைப் பொதுவாக வெங்காயத்தோடு வதக்குவோம். இங்கே மட்டும் கடைசியில். இது ஏன் என்று நிறைய பேர் கேட்டுவிட்டார்கள். கிழங்கின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பசை இளகினால்தான் கிழங்கு மெத்தென்று ஆகும். புளிப்பு அந்தப் பசையை இளகவிடாமல் பிடித்துவைக்கும். தக்காளியையோ புளியையோ முன்பே ஊற்றிவிட்டு, "இந்தக் கிழங்கு வேகவே மாட்டேங்குது" என்று கிழங்கைத் திட்டுவதில் அர்த்தமில்லை. கிழங்கு வெந்த பிறகு தக்காளியைப் போட்டு, மூடியைத் திறந்துவைத்து, ஆறேழு நிமிடம் தண்ணீர் வற்றும்வரை பிரட்டுங்கள். கிழங்கிலிருந்து கரைந்த மாவுச்சத்து மசாலாவைக் கெட்டியாக்கிக் கறியின் மேல் ஒட்டவைக்கும்.

கட்டம் 6: முடிப்பு

எண்ணெய் பிரிந்து வாணலியின் ஓரத்தில் நிற்கும்போது மிளகுத்தூள், கொத்தமல்லித்தழை. அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சைச் சாறு. வைட்டமின் சி சூட்டில் குறையும். உடம்பில் இரும்பு ஏறுவதற்கு அது உதவும். ஆளுக்கு இரண்டு சப்பாத்தியோ நாலு துண்டு ரொட்டியோ இருந்தால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. மொத்த நேரம் ஒரு மணி. கழுவ வேண்டியது ஒரே வாணலி.

மிச்சம் இருந்தால்

எங்கள் அறையில் மிச்சம் இருந்ததில்லை! இருந்தால், இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் போக வேண்டும். நம் ஊர் மே மாத வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. பெட்டி இல்லாதவர்கள் ராத்திரியே முடித்துவிடுங்கள். அல்லது பக்கத்து அறைக்குக் கொடுங்கள், நட்பு வளரும். தக்காளி சேர்ந்த சாப்பாட்டை இரும்பு வாணலியிலேயே விட்டுவைக்க வேண்டாம். சமைக்கும்போது கரையும் சிறிதளவு இரும்பு நல்லதுதான். ராத்திரி முழுவதும் ஊறினால் சுவையும் கெடும், வாணலியின் படலமும் போகும். கழுவியவுடன் அடுப்பில் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.

ஒரே வாணலி, நாலு பேர்

இனி அந்த இரண்டாவது பாதி. எங்கள் நால்வரில் ஒருவன் மாட்டுக்கறி சாப்பிட மாட்டான். அவன் வீட்டு வழக்கம் அப்படி. முதல் நாளே நேராகச் சொன்னான்: "நீங்க சாப்பிடறதுல எனக்கு ஒண்ணும் இல்லடா. ஆனா என் சாப்பாட்டுல அந்தக் கரண்டி படக்கூடாது." நியாயமான பேச்சு. அவனுக்கென்று ஒரு சின்னச் சட்டி, ஒரு கரண்டி. அடுப்பு ஒன்றுதான் என்பதால் அவனுடையது முதலில். இதே முறைதான், கறிக்குப் பதில் முந்தின நாள் இரவு ஊறவைத்து வேகவைத்த கறுப்புக் கொண்டைக்கடலை. சில நாள் வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்த சோயா. அதையும் பிழிந்து, பரப்பி, கிளறாமல் விட்டால்தான் சிவக்கும். தண்ணீர்க் கணக்கு சோயாவுக்கும் பொதுதான்!

சொல்லாமல் கலந்து கொடுத்துவிட்டு, "தெரியாமத்தானே சாப்பிட்டே" என்று சிரிப்பது விளையாட்டு அல்ல. அது நம்பிக்கைத் துரோகம். அதேபோல் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்தவன் தட்டைப் பார்ப்பதும் பண்பாடு அல்ல. இரண்டு சட்டியும் ஒரே செய்தித்தாளின் மேல் இறங்கும், நாலு பேரும் சுற்றி உட்காருவோம். நாலு பேர் செலவைப் பங்கு போட்டால் தலைக்கு வருவது பரோட்டா கடைக் கணக்கைவிடக் குறைவு. காசு இல்லாதவன் வெங்காயம் நறுக்கினால் பங்கு தீர்ந்தது என்று ஒரு சட்டமும் போட்டிருக்கிறோம். அதற்குப் பிறகு எங்கள் அறையில் யாரும் "பசிக்கல" என்று சொல்லிப் படுத்ததில்லை.

பயிற்சி வினாக்கள்

(தேர்வில் வராது. பசியில் வரும்!)

1. கறி சிவக்காமல் சாம்பல் நிறத்திலேயே நிற்கிறது. காரணங்கள் மூன்று கூறுக.
விடை: தண்ணீர் பிழியப்படவில்லை, வாணலி சூடாகவில்லை, மொத்தக் கறியும் ஒரே தடவையில் போடப்பட்டது.

2. அரை மணி நேரமாகியும் கிழங்கு கடுக்கென்று இருக்கிறது. ஏன்?
விடை: தக்காளி முந்திவிட்டது, அல்லது துண்டுகள் பெரியவை.

3. மசாலா கசக்கிறது. எந்தக் கட்டத்தில் தவறு?
விடை: கட்டம் 2. தூள் போட்டபோது தீ குறைக்கப்படவில்லை.

4. கறி வெந்தும் ரப்பர் மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?
விடை: அரை டம்ளர் வெந்நீர், மூடி, சிறு தீயில் இன்னும் பத்து நிமிடம். கொலாஜனுக்கு நேரம் கொடு.

நண்பர்களே, அடுத்த வருடம் இந்நேரம் நம்மில் பலர் ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ கோவையிலோ, தெரியாத தெருவில் தெரியாத அறையில் இருப்போம். ஷிப்ட் முடிந்து வரும்போது கடை மூடியிருக்கும். அன்றைக்கு உங்கள் பெட்டியில் சான்றிதழோடு ஒரு வாணலியும் இருக்கட்டும். சம்பளம் வர முப்பது நாள் ஆகும்; வயிறு அதுவரை காத்திருக்காது.

சமைத்துப் பாருங்கள். உப்பு கூடினால் என்னைத் திட்டுங்கள். சரியாக வந்தால் பக்கத்து அறைக்காரனையும் கூப்பிடுங்கள்.